படைக்கலத்தில் எழுத்துப் பொறித்த மன்னர்

சூளூர்பேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு ராக்கெட் புதுமையான பொருள் அன்று. 1971-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள் ரோகிணி என்னும் சிறு ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து முதன்முதலாக எழுந்தது. அன்று தொட்டு அவ்வோசையைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நம் காலனியில் பலர் உளர். பிழைப்பை நாடி வந்த ஊரே சொந்த ஊராகிவிட்ட நமக்கு, இவ்வட்டாரத்தின் பழங்கதைகளையும் அறிந்து வைத்துக்கொள்ளும் கடமை உண்டு. ஆதலின் இவ்வாண்டு மலருக்கு, சித்தூரையும் ஆர்க்காட்டையும் கடப்பையையும் தம் வாழ்வோடு பிணைத்துக்கொண்ட ஒரு மன்னரின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அவர் மைசூர் ஆண்ட திப்பு சுல்தான்.

அவரைப் பற்றிப் பாடநூல்களில் படித்திருக்கிறோம்; நாடகங்களிலும் திரைப்படங்களிலும் பார்த்திருக்கிறோம். வாளேந்தி நிற்கும் அவ்வுருவத்தை மீண்டும் வரைந்து காட்டுவது எம் நோக்கமன்று. தம் துப்பாக்கிகளில் அவர் எழுதி வைத்த எழுத்துகளின் வழியே அவர் வாழ்வைப் பார்க்க விரும்புகிறோம். போர்க்கருவியில் உடையவர் பெயரையும் வீரமொழியையும் பொறிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வாளிலும் கேடயத்திலும் இறைவன் திருப்பெயரை எழுதினர். பீரங்கிக்குப் பெயரிட்டு அதனைக் குழலின் மேல் வெட்டினர். எனினும் ஓர் அரசர் தம் படைக்கலச் சாலையிலிருந்து வெளிவரும் துப்பாக்கிகளை ஏட்டுச் சுவடி போலக் கருதி, அவற்றில் பாட்டும் பட்டமும் ஊரும் ஆண்டும் தொழிலாளியின் பெயரும் எழுதுவித்தது அரிய செய்தியே ஆகும்.

இதற்குரிய காரணத்தை அவர் தந்தையிடமிருந்து தொடங்கிக் காணவேண்டும். ஐதர் அலி எழுத்தறியாதவர். சிறு படைத்தலைவராக இருந்து 1761-இல் மைசூர் அரசைத் தம் கைக்குள் கொண்டுவந்த அம்மாவீரர்க்குத் தம் பெயரின் முதலெழுத்து ஒன்றை மட்டுமே எழுதத் தெரியும் என்றும், ஆவணங்களுக்கு அதனையே கையொப்பமாக இடுவார் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவ்வோர் எழுத்தே அவர் வெளியிட்ட நாணயங்களிலும் ஏறிற்று. கணக்குகளையெல்லாம் நினைவிலேயே வைத்திருந்த அவர், தாம் கல்லாததைத் தம் மகன் கற்கவேண்டும் என்று விரும்பினார் போலும்! பாரசீகம், அரபு முதலிய மொழிகளும், திருக்குர்ஆனும், குதிரையேற்றமும், போர்ப்பயிற்சியும் மகனுக்குக் கற்பிக்கப்பட்டன.

மகன் பிறந்தது 1751-இல், பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில். தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிசா. கடப்பைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவருடைய மகளார். குழந்தைக்கு இட்ட பெயரோ நம் தமிழ்நாட்டு ஆர்க்காட்டிலிருந்து வந்தது. அங்கு அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் பெரியவரிடம் பெற்றோர் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளையாதலின் அவர் பெயரையே சூட்டினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆகவே, கன்னட நாட்டில் பிறந்து, கடப்பைத் தாயின் மடியில் வளர்ந்து, ஆர்க்காட்டுப் பெயரைத் தாங்கியவர் திப்பு. இந்நாளில் மாநில எல்லைக் கோடுகளை வைத்து ஒருவரை இன்னார்க்கு உரியவர் என்று பங்கிட முனைவோர் இதனைச் சற்று எண்ணுவாராக.

1767-இல் முதல் மைசூர்ப் போர் மூண்டது. மீசை முளைக்கும் பருவத்திலேயே ஒரு குதிரைப்படையுடன் சென்னையின் சுற்றுப்புறம் வரை வந்து கும்பினியாரைக் கலங்கச் செய்தார் இளைஞர் திப்பு. 1769-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் 1780-இல் இரண்டாம் போர் வந்தபோதுதான் நம் வட்டாரம் அதில் நேராகச் சிக்கிற்று.

கர்னல் பெய்லி என்பார் குண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு படையுடன் தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். சர் ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு சேர்வது அவர் நோக்கம். கும்மிடிப்பூண்டி வழியாக வந்து ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் கொற்றலையாற்றங்கரையை அடைந்தார். அன்றே கடந்திருந்தால் கடந்திருக்கலாம். வடகரையில் பாளயமிறங்கினார், இரவில் வெள்ளம் வந்துவிட்டது. பல நாள் கரையிலேயே தங்கும்படி ஆயிற்று. கும்மிடிப்பூண்டி நமக்கு ரயிலில் சில நிலையங்களே தள்ளியிருக்கும் ஊர். மழைக் காலத்தில் இப்பகுதி ஆறுகள் ஓரிரவில் எவ்வாறு மாறும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம் அல்லவா? காளங்கியாற்றில் நீர் பெருகிய நாள்களை நினைத்தால் பெய்லியின் இடர் நமக்கு நன்கு விளங்கும்.

அத்தாமதம் திப்புவுக்கு வாய்ப்பாயிற்று. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் பெய்லியின் படை சுற்றி வளைக்கப்பட்டது. மைசூர்ப் படையின் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் ஒருசேரத் தாக்கின. கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அப்படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். அவரோடு சிறைப்பட்டோருள் டேவிட் பெயர்டு என்னும் இளங்காப்டனும் ஒருவர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 1782 பிப்ரவரியில் தஞ்சைப் பகுதியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையையும் திப்பு முறியடித்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாளயத்தில் ஐதர் அலி நோயுற்று மறைந்தார். மகனோ மலையாளக் கரையில் பொன்னானிப் பக்கம் போரில் இருந்தார். அரசர் இறந்தார் என்று தெரிந்தால் படை கலைந்துவிடும். ஆதலின் அமைச்சர்கள் சாவை மறைத்தனர். உடலைப் பேழையில் இட்டு, கருவூலப் பொருளை அனுப்புவது போலக் கோலாருக்கு அனுப்பினர். பாளயத்தில் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. செய்தி கேட்ட திப்பு மேற்குக் கரையிலிருந்து விரைந்து வந்து படையின் தலைமையை ஏற்றார். ஐதரின் உடல் பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்து கும்பஸ் மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு அப்போர் முடிந்தது. சிறைப்பட்டிருந்தோரும் விடுதலை பெற்றனர்.

இதன்பின் திப்பு தம் ஆட்சியை அமைத்த முறையில் எழுத்தின் மீது அவர் கொண்ட பற்று எங்கும் தெரிகிறது. ஆணைகள், அளவைகள், மாதப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் யாவற்றையும் புதிதாக எழுதினார். தாம் கண்ட கனவுகளைக்கூடத் தம் கையாலேயே குறித்து வைத்தார். முப்பத்தேழு கனவுகள் அடங்கிய அச்சுவடி இன்றும் இலண்டனில் இருக்கிறது. ஏறத்தாழ 2,000 நூல்கள் கொண்ட நூலகமும் அவரிடம் இருந்தது. ஓர் எழுத்து மட்டும் அறிந்த தந்தைக்கு இத்தகைய மகன்!

படைக்கலச் சாலைகளை ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரம் எனப்படும் பிதனூர் ஆகிய இடங்களில் வளர்த்தார். பிரெஞ்சு நாட்டுக்குத் தூதர்களை அனுப்பினார். 1788-இல் அவர்கள் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டு கைவினைஞர்களை அழைத்து வந்தனர். ஐரோப்பியத் துப்பாக்கியைப் பார்த்து அதே போலச் செய்வது முதற்படி. அதனைத் தம் நாட்டுப் பொருளாக்கித் தம் முத்திரையை இடுவது அடுத்த படி. திப்புவின் கைவினைஞர் இரண்டாம் படியையும் ஏறினர் என்பதே எம் கருத்து.

அத்துப்பாக்கிகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவை சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடுபவை. கல்லைக் கவ்விப் பிடிக்கும் குதிரை என்னும் உறுப்பு சிலவற்றில் புலி வடிவில் அமைந்திருக்கும். பக்கத் தகட்டில் புலி ஒன்று ஐரோப்பியச் சிப்பாயைக் கடித்துக் குதறும் காட்சியைக் காணலாம். குழல் வாயும் புலி முகமே. குழல் மேல் நெளிநெளியாக ஓடுவன புலிக்கோடுகள். பப்ரி என்பது அதன் பெயர். வீரர் உடையிலும் கொடியிலும் அக்கோடே இருந்தது. கைத்துப்பாக்கிகளை இணையாகச் செய்யும்போது, வலக்கைக்கு ஒன்றும் இடக்கைக்கு ஒன்றுமாக விசையை மாற்றி அமைத்ததும் உண்டு.

இனி எழுத்துக்கு வருவோம். எஃகின் முகத்தில் நுண்ணிய கீறல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, அதன்மேல் பொற்கம்பியையோ வெள்ளிக் கம்பியையோ எழுத்து வடிவில் வளைத்து வைத்து, சிறு சுத்தியால் தட்டிப் பதியச் செய்து, பின்னர் மெருகிடுவர். கீறல்களே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஆழமாக வெட்டிப் பதிக்கும் முறையும் உண்டு. எளிய வேலை அன்று. கை நடுங்கினால் எழுத்துக் கோணும்.

இவ்வாறு எழுதப்பட்டவற்றுள் பாரசீகச் செய்யுள்கள் உண்டு. அவற்றின் பொருளை எம் சொற்களில் கூறின், இத்துப்பாக்கி நீதிமானாகிய இந்நாட்டு வேந்தருக்கு உரியது, மின்னலைத் தவிர இதற்கு ஒப்பில்லை, பகைவன் நெற்றி இதன் குறியானால் அவன் விதி முடிந்தது என்னும் போக்கில் அவை செல்லும். நம் சோழ மன்னர் கல்வெட்டுகளின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்க்கு இந்தத் தொனி பழக்கமானதே. அங்கே கோயிற் சுவரில் எழுதினர். இங்கே துப்பாக்கிக் குழலில் எழுதினர். நம் முன்னோர் வீரனுக்கு எழுதியது அவன் வீழ்ந்த பின்னர், நடுகல்லில். திப்புவோ போருக்கு முன்பே எழுதிவிட்டார்!

செய்யுளோடு, இறைவன் அளித்த அரசு என்று பொருள்படும் ஆட்சிப் பெயரும், செய்த ஊரும் இடம்பெறும். ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பட்டணம் என்றே சுருக்கமாகக் குறிப்பர். ஆண்டு எழுதும் முறையோ விந்தையானது. திப்பு 1787 அளவில் மவுலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அதனால் 1222-ஆம் ஆண்டு நம் கண்ணுக்கு 2221 எனத் தோன்றும். இவ்வழக்கத்தை அறியாதார் அத்துப்பாக்கியைக் கையில் எடுத்தால் எக்காலத்தது என்று மயங்குவர்.

மற்றும் இரண்டு பொறிப்புகளைச் சிறப்பாகக் கூறவேண்டும். ஒன்று, அசதுல்லாஹில் காலிப் என்னும் தொடர். வெற்றிகொள்ளும் இறைவனின் சிங்கம் என்பது அதன் பொருள். நபிகளின் மருமகனார் அலியாரைக் குறிப்பது. அவ்வெழுத்துகளையே வளைத்து, கண்ணும் வாயும் உடைய புலிமுகமாக எழுதினர். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குப் புலி; அருகில் வந்து படிப்பவனுக்கு மந்திரமொழி. மற்றொன்று, ஐதர் என்னும் முத்திரை. அதுவும் அலியாரின் பட்டமே. ஆயினும் தந்தையின் பெயர் அன்றோ? சித்தூர்ப் பாளயத்தில் மகன் முகம் காணாமல் கண்மூடிய தந்தையின் பெயர், மகனுடைய நாணயத்தில் ஓர் எழுத்தாகவும் துப்பாக்கியில் முத்திரையாகவும் தொடர்ந்தது. இதைப் பக்தி என்பதா, பாசம் என்பதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

துப்பாக்கி செய்தவன் பெயரையும் எழுதினர். அசத் கான் முகம்மது என்னும் கைவினைஞர் பெயர் அரசர்க்குரிய துப்பாக்கியிலேயே இருக்கிறது. பெருங்கோயில்களைக் கட்டிய தச்சருட் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. மைசூர்க் கொல்லர் சிலர் பெயரை நாம் இன்று சொல்ல முடிகிறதென்றால் அது இந்த எழுத்தின் பயன்.

புகழ்ச்சி மட்டுமே கூறி விட்டுவிடுவது வரலாறு ஆகாது. குடகிலும் மலையாளத்திலும் திப்புவின் படை நடத்திய கொடுமைகள் அந்நாட்டு மக்கள் நினைவில் ஆறாத வடுவாக உள்ளன. பல்லாயிரவர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர், மதமாற்றமும் நடந்தது. அதே மன்னர் சிருங்கேரி மடம் மராட்டியப் படையால் சூறையாடப்பட்டபோது பொருளுதவி செய்து, மடாதிபதிக்குப் பணிவுடன் மடல்கள் எழுதினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்போர் இரு பக்கத்திலும் உளர். துப்பாக்கியில் பொறித்த நீதிமான் என்னும் சொல்லைக் குடகு நாட்டார் எவ்வாறு படித்திருப்பர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1790-இல் தொடங்கிய மூன்றாம் போரில் ஆங்கிலேயரும் மராட்டியரும் நிஜாமும் ஒன்று சேர்ந்தனர். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கைப்படி திப்பு நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கொடுக்கவும் இசைந்தார். அதற்குப் பிணையாக அவர் புதல்வர் இருவர், சிறு பிள்ளைகள், காரன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 1794-இல்தான் அவர்கள் திரும்பினர். பொன்னெழுத்துத் துப்பாக்கிகளுள் பல இப்போருக்குப் பிற்பட்ட ஆண்டுகளைத் தாங்கியவை. நாடு பாதியாகிப் பிள்ளைகள் பகைவர் கையில் இருந்த காலத்தில் ஒப்பற்ற வேந்தர் என்று எழுதுவித்த மனநிலையை வெறும் செருக்கு என்று எம்மால் தள்ளிவிட முடியவில்லை. துவண்டு போகாதிருக்கத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட மொழியாகவும் அது இருக்கலாம்.

1799 மே 4-ஆம் நாள் நண்பகலில் ஆங்கிலப் படை காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையை உடைத்து ஏறியது. தாக்குதலை நடத்தியவர் டேவிட் பெயர்டு. பொள்ளிலூரில் பிடிபட்டு, அதே ஊர்ச் சிறையில் மூன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்தவர். திப்பு ஓடவில்லை. கோட்டை வாயிலருகே நின்று போரிட்டு, பிணக்குவியலுக்கிடையே வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. மாலையில் விளக்கைப் பிடித்துத் தேடி உடலைக் கண்டனர். மறுநாள் தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்றிரவு ஊர் கொள்ளையாயிற்று. அரியணையை உடைத்துப் பங்கிட்டனர். துப்பாக்கிகள் தளபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் வெற்றிப் பொருளாயின. சில இங்கிலாந்து அரச குடும்பத்தின் கருவூலத்துக்குச் சென்றன. பகைவன் நெற்றியைத் தேடிய எழுத்து, பகைவன் வீட்டுச் சுவரில் அழகுப் பொருளாகத் தொங்கிற்று. ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயர் இவற்றைத் தேடித் தொகுத்து, 1992-இல் இத்துப்பாக்கிகளைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். 2019-இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்த திப்புவின் துப்பாக்கி ஒன்று 60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. பெயர்டுக்குப் படையினர் பரிசளித்த திப்புவின் வாள் 2023-இல் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலையாயிற்று.

ராக்கெட்டின் கதை வேறு. கைப்பிடியளவு பருமனுள்ள இரும்புக் குழல், உள்ளே வெடிமருந்து, நீண்ட மூங்கிலோ வாளலகோ அதற்கு வால். கடுதாசிக் குழலானால் மருந்தின் அழுத்தம் தாங்காது. இரும்பானதால் தாங்கிற்று, தொலைவும் கூடிற்று. அவற்றையும் ஆங்கிலேயர் அள்ளிச் சென்றனர். அவற்றை ஆராய்ந்த வில்லியம் காங்கிரீவ் தம் பெயரால் ராக்கெட்டுகளைச் செய்தார். ஐரோப்பியப் போர்களில் அவை பறந்தன. 2018-இல் கருநாடகத்து நகரத்தில் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட ராக்கெட் குழல்கள் கிடைத்தன. துருவேறிய அவ்விரும்புத் துண்டுகளில் பொன்னெழுத்துக்கு இடமேது? இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்துக்குச் சென்றபோது, அங்கே மைசூர்ப் படையினர் ராக்கெட் ஏவும் ஓவியத்தைக் கண்டு வியந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது 1980 சூலை 18-இல். பொள்ளிலூர்ப் போரின் இருநூறாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டு திங்கள்கூட இல்லை.

திப்புவின் மக்களும் மனைவியரும் வேலூர்க் கோட்டையில் தங்க வைக்கப்பட்டனர். 1806 சூலை 10-ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, புலிக்கோட்டுக் கொடி சில நாழிகை கோட்டையின் மேல் பறந்தது. அதனை அடக்கிய குதிரைப்படை வந்தது ஆர்க்காட்டிலிருந்து. திப்புவுக்குப் பெயர் தந்த அதே ஊர். அரச குடும்பத்தார் பின்னர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவத்தின் பொருட்டு வேலூர் செல்லும் நம் காலனிக் குடும்பங்கள் பல. அடுத்த முறை செல்லும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கோட்டைக்குள் திப்பு மகால், ஐதர் மகால் எனப்படும் கட்டடங்களைக் காணலாம். திரும்பும் வழியில் ஆர்க்காட்டில் இறங்கினால் மஸ்தான் அவுலியாவின் தர்காவும் அங்கேதான் இருக்கிறது.